பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் பேச்சும் விழுங்கலும்: பெரியவர்களுக்கு மருத்துவமனையில் ஸ்பீச் தெரபி கிடைக்குமா?

திருச்சி மகள் (கேள்வி)

என் அப்பாவுக்கு 67 வயது. திருச்சி நகரப் பேருந்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வாரங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கை துவண்டது; வாய் ஒரு பக்கம் கோணியது; கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரே தவிரப் பேச்சு வரவில்லை. மூளையின் இடப்பக்கத்துக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தோம். அவர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததை மறக்க மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் தினமும் இரண்டு வேளை வந்து பயிற்சி கொடுத்ததால் இன்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் அவருடைய பேச்சையோ, அவரால் எதை விழுங்க முடியும் என்பதையோ யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்பீச் தெரபி தேவை' என்று ஒரு வரி இருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். எங்கே, யாரிடம், எப்போது என்று அதில் எதுவும் இல்லை.

இப்போது அவர் வாயில் வருவது ஒரே ஒரு சொல்தான்: 'போலாம்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம், முதுகு வலித்தாலும் போலாம், என்னைக் கூப்பிடுவதற்கும் போலாம். குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மாறுகிறது. நாம் புரிந்துகொள்ளாவிட்டால் கையால் கட்டிலைத் தட்டுகிறார். சில நேரம் அழுதுவிடுகிறார். அம்மா கடையிலிருந்து 'அ, ஆ' படம் போட்ட அட்டையை வாங்கி வந்து சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அத்தை வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பத்து நாட்களுக்கு முன்பு ஒரு மாலை, அப்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல் அம்மா மூன்று ஸ்பூன் காபியை அவர் வாயில் ஊற்றினார். இருமல் வரவில்லை. 'பார், நன்றாகத்தானே விழுங்குகிறார்' என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இரண்டு நாட்கள் கழித்துக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி என்று ஐந்து நாட்கள் ஊசி போட்டார்கள்.

ஸ்பீச் தெரபி என்று தேடிப் போனால் எங்கள் பகுதியில் எல்லா இடங்களிலும் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்கிறார்கள். பெரியவர்களுக்கு மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு உண்மையில் இருக்கிறதா? அவர்கள் என்ன செய்வார்கள்? மூக்குக் குழாயை எப்போது எடுக்கலாம் என்று யாரைக் கேட்பது? ஐந்து வாரம் ஆகிவிட்டதே, இனிப் போய்ப் பயன் இருக்குமா?


கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்

சகோதரி, பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனையில் பெரியவர்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பயன் இருக்கும், உடனே போங்கள். மீட்சி வேகமாக நடப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அதன் பிறகும் முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை.

அடுத்து, அந்தக் காபி. நம் வீடுகளில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். தவறான வழியில் போன துளியை உடல் இருமித் தள்ளுவதுதான் அது, ஒரு பாதுகாப்பு. பக்கவாதம் வந்த பலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிவிடுகிறது. திரவம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது, முகம் மாறாது, கண்ணில் நீர்கூட வராது. ஆகவே இருமவில்லை என்பதால் பத்திரமாக விழுங்கினார் என்று ஆகாது. அந்தக் காய்ச்சலுக்குக் காபிதான் காரணமா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. சுத்தம் செய்யப்படாத வாயில் ஊறும் எச்சில் இறங்கினாலும் நுரையீரலில் தொற்று வரும். ஆனால் முறையான பரிசோதனை முடியும்வரை வாய்வழியாகத் தண்ணீரோ, காபியோ, மாத்திரையோ, வசம்பு குழைத்த தேனோ எதுவும் வேண்டாம். அம்மாவை யாரும் குறை சொல்லாதீர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் என்ன நடந்திருக்கவேண்டும் என்பதைச் சொன்னால் இனி எதைக் கேட்டுப் பெறுவது என்று உங்களுக்குத் தெளிவாகும். பக்கவாதத்தோடு வருபவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கும் முன்பு விழுங்கும் திறனைச் சோதிக்கவேண்டும். தொடக்க நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். அவர்களில் பலருக்கு அது சில வாரங்களில் சரியாகிவிடும். முதல் சோதனையில் ஐயம் வந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட்டை அழைப்பார்கள். நாங்கள் கட்டிலருகே செய்வது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைப்போம். விழிப்பாக இருக்கிறாரா, உதடு மூடுகிறதா, நாக்கு இரண்டு பக்கமும் போகிறதா, கேட்டால் பலமாக இரும முடிகிறதா என்று பார்ப்போம். பிறகு ஒரு சிறு கரண்டித் தண்ணீர். குரல்வளை மேலே எழுகிறதா, எவ்வளவு தாமதமாக எழுகிறது என்று கழுத்தில் நான்கு விரல்களை வைத்து உணர்வோம். விழுங்கியதும் 'ஆ' என்று சொல்லச் சொல்வோம். தொண்டையில் நீர் தங்கியிருந்தால் குரல் ஈரமாக, குளுகுளுவென்று ஒலிக்கும். அந்தக் குரலை நீங்களும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், எதிர்காலத்தில் உதவும்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. சத்தமில்லாமல் உள்ளே இறங்குவதைக் கட்டிலருகே நின்று எவ்வளவு அனுபவம் உள்ளவராலும் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று, பேரியம் கலந்த திரவத்தையும் உணவையும் விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது. மற்றொன்று, மூக்கின் வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. இதை ஃபீஸ் என்பார்கள், கட்டிலருகேயே செய்யலாம். 'விழுங்குவதற்கு ஃபீஸ் அல்லது பேரியம் பரிசோதனை உங்களிடம் உண்டா' என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

மூக்குக் குழாயை எடுக்கும் முடிவை அந்தப் பரிசோதனையை வைத்து மருத்துவரும் தெரபிஸ்ட்டும் சேர்ந்து எடுப்பார்கள். குழாய் இருக்கும்போதே சிறு சிறு அளவில் வாய்வழிப் பயிற்சியைத் தொடங்குவது வழக்கம்தான். குழாயை எடுத்த பிறகுதான் பயிற்சி என்பதில்லை. இன்னும் பல வாரங்கள் குழாய் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் பெக் குழாயைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். விழுங்கும் திறன் திரும்பினால் அதையும் எடுத்துவிடலாம்.

இனிப் பேச்சு. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 1861 நினைவுக்கு வந்தது. பாரிசில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் பார்த்த ஒரு நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓசையை மட்டுமே சொன்னார். சொல்லவேண்டியதைக் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் கையசைவாலும் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்ததைப் புரோக்கா கண்டார். உங்கள் அப்பாவின் 'போலாம்' அந்த வகையைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்வது சரியல்ல. இதை அஃபேசியா என்கிறோம். மொழியை எடுத்துக்கொடுக்கும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது. அறிவிலோ நினைவிலோ அல்ல. நாக்கும் உதடும் பலவீனமாகிப் பேச்சுக் குழறுவது வேறு, அதற்கு டிசார்த்ரியா என்று பெயர். தசையில் வலு இருந்தும் சொல்லுக்கு வேண்டிய அசைவை வரிசைப்படுத்த முடியாமல் வாய் தடுமாறுவது இன்னொன்று. ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு என்பதால்தான் முதல் நாள் முழுவதும் மதிப்பீட்டிலேயே போகும். 'ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள், ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை' என்று நினைத்து அடுத்த நாள் வராமல் போகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

அந்த அட்டையை இன்றே எடுத்து உள்ளே வையுங்கள். அவர் எழுத்தை மறந்த குழந்தை அல்லர். 'அ, ஆ' என்று ஒப்பிப்பதால் தண்ணீர் என்ற சொல் திரும்பி வராது. முப்பத்தொரு ஆண்டுகள் கூட்டத்தை அதட்டி நடத்திய மனிதருக்கு அது அவமானமாகவும் இருக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது பிடிவாதத்தால் அன்று. சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்வதும் பெரும்பாலும் பலிக்காது. அஃபேசியாவில் எழுத்தும் பேச்சோடு சேர்ந்தே பாதிக்கப்படுகிறது. அவருடைய டம்ளர், துண்டு, கழிப்பறைக் கதவு, உங்கள் ஒவ்வொருவரின் முகம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுக் கட்டிலருகே வையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சிறு வாக்கியமாக, வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். 'தண்ணி வேணுமா?' என்றால் போதும். அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல் அதுதான். கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்குத்தான் மிகவும் நீளமாக இருக்கும். சத்தமாகப் பேசவேண்டாம், அவர் காதில் குறையில்லை.

ஆம், இல்லை என்பதற்கும் ஒரு வழி செய்யுங்கள். அஃபேசியாவில் ஆம் என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிடுவது சாதாரணம். அதோடு நம் ஊர்த் தலையாட்டலில் எது சம்மதம் எது மறுப்பு என்று வீட்டாருக்கே குழப்பம் வந்துவிடும். இடது கைக் கட்டைவிரலை உயர்த்தினால் ஆம், கையை விரித்து அசைத்தால் இல்லை என்று முடிவுசெய்து எல்லோரும் அதையே பின்பற்றுங்கள்.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் வார்டில் எங்களைத் தேடினால் கிடைக்க மாட்டோம். பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில், செவித்திறன் சோதிக்கும் அறையை ஒட்டித்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் இருப்பார். மாவட்டங்களில் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் குழந்தைகளுக்கானவை; உங்களைத் திருப்பி அனுப்பியதன் காரணம் அதுவாக இருக்கலாம். வேலூர் சி.எம்.சி., சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றில் இந்தத் துறைக்கான பட்டப்படிப்பே நடக்கிறது. யாரிடம் போனாலும் அவர் நான்காண்டுப் பட்டம் பெற்றவரா, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அந்தப் பதிவு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். எண்ணைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'பெரியவர்களுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சி கொடுத்த அனுபவம் உண்டா' என்பது அடுத்த கேள்வி. எங்கள் துறையில் பெரும்பாலானோர் குழந்தைகளோடுதான் வேலை செய்கிறோம் என்பது வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மை.


விருதுநகர் வாசகர்

அம்மா, மேலே எழுதியவர் சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் மனைவிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலை வந்தது. குழாயை எடுத்த பிறகு அடுப்படியில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்; எங்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள மிகவும் நாளாயிற்று.

எல்லோரும் ரசம் சாதம் எளிதான உணவு என்று நினைக்கிறோம். என் மனைவிக்கு மிகவும் ஆபத்தாக இருந்தது அதுதான். வாயில் வைத்ததும் ரசம் தனியாக ஓடித் தொண்டைக்குப் போய்விடுகிறது. பருக்கை மட்டும் வாயில் நிற்கிறது. நீரும் திடமும் கலந்த எதுவுமே அப்படித்தான் என்று எங்கள் தெரபிஸ்ட் விளக்கினார். பழைய சோற்று நீராகாரமும் அந்தக் கணக்கில் சேரும். குழையவைத்து மசித்த தயிர் சாதம், கட்டியில்லாத பருப்பு மசியல், மசித்த பூவன் பழம் ஆகியவை முதலில் வந்தன. உதிர்ந்துபோகும் பொரி, முறுக்கு, காய்ந்த இட்லி எல்லாம் மிகவும் பிறகு.

காபி, மோர், தண்ணீர் எல்லாம் மெல்லியவை. வேகமாக ஓடுவதால் தொண்டை தயாராகும் முன்பே போய்விடும். அதற்குக் கெட்டியாக்கும் பொடி கொடுத்தார்கள். எவ்வளவு கெட்டி என்று அறிய, பத்து மில்லி ஊசிக்குழாயில் திரவத்தை நிரப்பி, நுனியை விரலால் மூடி, பிறகு பத்து நொடி மட்டும் ஓடவிட்டு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். நான்கிலிருந்து எட்டு மில்லிக்குள் நின்றால் இரண்டாம் நிலைக் கெட்டி, எட்டுக்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை. உலகம் முழுவதும் இப்போது இந்த அளவுதானாம். குழாயில் பூச்சியத்திலிருந்து பத்து வரையிலான கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கவேண்டும் என்பதால் கடையில் ஸ்கேல் வைத்து அளந்து வாங்கினேன். கேழ்வரகுக் கஞ்சி சூட்டில் ஒரு பதமாகவும் ஆறியபின் வேறு பதமாகவும் இருப்பதை அந்தக் குழாய்தான் எனக்குக் காட்டியது. ஆகவே கொடுக்கும் நேரத்தில் அளக்கவேண்டும், அடுப்பிலிருந்து இறக்கும்போது அல்ல. உங்கள் அப்பாவுக்கு எந்த நிலை வேண்டும், பொடி வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் பரிசோதித்தவர்தான் சொல்லவேண்டும். என் மனைவியின் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்மில் பலருக்கு அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இருக்கிறது. வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று சிறு வயதிலேயே பழக்கிவிட்டார்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் திறந்துகொடுக்கும். என் மனைவி அறுபது வயதில் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கக் கற்றுக்கொள்ள மிகவும் சங்கடப்பட்டாள். அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக ஒதுக்கிவைத்த பிறகுதான் சம்மதித்தாள்.

ஒரு நாள் இரவு பல் துலக்கிவிடும்போது, மதியம் சாப்பிட்ட சாதம் வலது கன்னத்துக்குள் ஓர் உருண்டையாக இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கம் உணர்வில்லாததால் அவளுக்குத் தெரியவேயில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் டார்ச் அடித்து இரண்டு கன்னத்தையும் பார்ப்பேன். பிறகு அரைமணி நேரம் படுக்கவிட மாட்டேன். குழாய் இருக்கும்போதும் வாயைத் தினமும் இரண்டு மூன்று முறை சுத்தம் செய்யுங்கள். வாயால் சாப்பிடவில்லையே, எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பார்க்க வருகிறவர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, 'ஒரு வாய் குடித்தால் தெம்பு வரும்' என்று கையில் டம்ளரை எடுத்துவிடுவார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் 'வாய்வழியாக எதுவும் கொடுக்கவேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நீங்கள் சொன்னால் வருத்தப்படுவார்கள், தாளைப் பார்த்தால் கேட்டுக்கொள்வார்கள்.


திருச்சி மகள்

இருவருக்கும் மிகவும் நன்றி. அட்டையை எடுத்து வைத்துவிட்டேன். சுவரில் தாளும் ஒட்டிவிட்டேன். அத்தை அதைப் படித்துவிட்டு வசம்பைப் பற்றிப் பேசவில்லை. கட்டைவிரல் முறையை அப்பா முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

நேற்று ஒன்று நடந்தது. என் தம்பி கட்டிலருகே உட்கார்ந்து, அப்பாவோடு பேச்சுக்கொடுப்பதற்காக, சிறு வயதில் அவருடைய பேருந்தில் போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். 'சத்திரம் விட்டா அடுத்து என்னப்பா?' என்று கேட்டுவிட்டு, தானே 'காவிரிப் பாலம்' என்று தொடங்கினான். அப்பா சட்டென்று 'மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம்' என்று முழுமையாகச் சொன்னார். அதே குரல்; டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் குனிந்து கூவுகிற அதே இழுப்பு. நாங்கள் மூவரும் அழுதுவிட்டோம். ஆனால் உடனே தம்பி டம்ளரைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டபோது மறுபடியும் 'போலாம்' என்றுதான் வந்தது. பேச்சு திரும்புகிறது என்று நாங்கள் நம்பலாமா?


கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்

அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே மனம் நிறைகிறது. அதன் பொருளையும் சரியாகச் சொல்லவேண்டும், அதிகமாக நம்பி நாளை நீங்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக.

ஒன்று இரண்டு மூன்று, கிழமைப் பெயர்கள், தினமும் சொன்ன மந்திரம், பழகிய பாட்டு ஆகியவை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கப்படுவதில்லை. முதல் கண்ணி அசைந்தால் சங்கிலி முழுவதும் தானாக வருகிறது. அஃபேசியாவில் சொந்தமாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பது அடைபட்டிருக்கும்போதும் இந்தத் தானியங்கிப் பேச்சு பலருக்குத் தப்பிப் பிழைக்கிறது. அப்பாவுக்கு அந்தச் சங்கிலி பேருந்து நிறுத்தங்கள். அவர் ஸ்ரீரங்கம் என்றதால் நாளை தண்ணீர் என்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் உதடு, நாக்கு, குரல் ஆகியவை தெளிவான சொல்லை உண்டாக்கும் நிலையில் இருக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று. எங்களுக்குப் பிடித்து ஏற ஒரு கொம்பும் கிடைத்துவிட்டது.

பயிற்சியில் அதை இப்படிப் பயன்படுத்துவோம்: முதலில் இருவரும் சேர்ந்து வரிசையைச் சொல்வோம். பிறகு நான் 'மாம்பழச்சாலை, அம்மா...' என்று நிறுத்துவேன், அவர் முடிக்கவேண்டும். அது உறுதியானதும் ராஜகோபுரத்தின் படத்தைக் காட்டி 'இது எந்த ஊர்?' என்று கேட்டு, அதே சொல்லைச் சங்கிலிக்கு வெளியே இழுக்க முயல்வோம். அந்த ஒரு தாவலுக்கு ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ராகத்தையும் கைத்தட்டலையும் சேர்த்துச் சிறு வாக்கியங்களைச் சொல்லவைக்கும் ஒரு முறை 1973இல் பாஸ்டனில் உருவாயிற்று. அவருடைய அந்தக் கூவும் இழுப்பைக் கேட்டால் எந்தத் தெரபிஸ்ட்டுக்கும் அது நினைவுக்கு வரும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உறவினர்கள் வரும்போதெல்லாம் 'நிறுத்தம் சொல்லுங்க' என்று அவரை ஒப்பிக்கவைக்காதீர்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் 57 ஆய்வுகளை, 3002 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அஃபேசியாவுக்கு ஸ்பீச் தெரபி பலன் தருகிறது என்றே கண்டது. அடர்த்தியாகப் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், ஆனால் நடுவில் நிறுத்தியவர்களும் அவர்களில்தான் அதிகம். வாரம் ஒரு நாள் வந்து போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரில் இரண்டு நாள், காணொளியில் இரண்டு நாள், மற்ற நாட்களில் தம்பியோடு வீட்டில் இருபது நிமிடம் என்று அமைக்க முடியுமா என்று கேளுங்கள். களைத்த பிறகு தொடர்ந்தால் பயனில்லை. காலை நேரம் நல்லது.


நாமக்கல் பட்டறைக்காரர்

தங்கச்சி, நான் குரல்வளையையே எடுத்தவன், புற்றுநோய். இப்போது கழுத்தில் ஒரு துவாரம், அதில் ஒரு சிறு வால்வு. துவாரத்தை விரலால் மூடிப் பேசுகிறேன். பட்டறையில் சத்தம் அதிகமானால் கழுத்தில் வைக்கும் மின்கருவி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எனக்கு அறுவைக்கு முதல் நாளே ஸ்பீச் தெரபிஸ்ட் கட்டிலுக்கு வந்து, நாளைக்கு எழுந்ததும் குரல் வராது, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். அதனால்தான் கண் விழித்தபோது நான் பயப்படவில்லை. அப்படி ஒருவர் வார்டுக்கு வருவது சலுகை இல்லை, சிகிச்சையில் ஒரு பகுதி. அடுத்த முறை எந்த மருத்துவமனையில் படுத்தாலும் முதல் நாளே கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகையாக இருக்கிறது. குரல்வளை எடுத்தவர்களையும் அஃபேசியா வந்தவர்களையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். நிரந்தரக் குறைபாட்டுக்கான சான்று என்பதால் இப்போதே ஓடவேண்டாம். பயிற்சி எல்லாம் பார்த்த பிறகும் குறை நின்றுவிட்டால் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைத் தாள்களை மட்டும் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.


திருச்சி மகள்

அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னதைப் போலவே, செவித்திறன் சோதிக்கும் அறைக்குப் பக்கத்து அறை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவர்கள் பார்த்துவிட்டு, அங்கேயே மூக்குவழிக் கேமராப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் சொல்வார்களாம். என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?


கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்

டிஸ்சார்ஜ் தாள், மூளை ஸ்கேன் அறிக்கை, காய்ச்சலின்போது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே, இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் பட்டியல், குழாய்வழியாக எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்ற குறிப்பு. புறப்படும் முன்பு கடைசியாகக் குழாயில் எப்போது கொடுக்கலாம் என்று அவர்களையே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியை மறக்கவேண்டாம். அது இல்லாமல் படங்களைக் காட்டி எடுக்கும் சோதனை பொய்யாகிவிடும். பல்செட் இருந்தால் அதையும், அவர் வழக்கமாகக் காபி குடிக்கும் டம்ளரையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியும் உடன் வரட்டும். நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.